வெல்லிங்டன் கூவின் நீதிபதிக் காலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீன ராஜதந்திரி வெல்லிங்டன் கூ பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் ஜெர்மனி அனுபவித்த உரிமைகளை ஜப்பானுக்குத் தாரைவார்த்த வெர்சாய் உடன்படிக்கையில் 1919இல் சீனத் தூதுக்குழு கையெழுத்திட மறுத்ததையும், 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் முதல் ஆளாக அவர் தூரிகை பிடித்துக் கையொப்பமிட்டதையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், 1956இல் வாஷிங்டன் தூதர் பதவியை விட்டதோடு அவர் கதையை முடித்துவிட்டது எனக்கு வருத்தமளித்தது. எழுபதை நெருங்கும் வயதில்தான் அவர் தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியானார். 1957 முதல் 1967 வரை அங்கே பணியாற்றி, கடைசி மூன்றாண்டுகள் துணைத் தலைவராகவும் இருந்தார்.

தாய்லாந்தும் கம்போடியாவும் உரிமை கோரிய எல்லைக் கோயிலான பிரியா விகார் சிவாலயம் கம்போடியாவுக்கே உரியது என்று 1962இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது, மாறுபட்ட மூவரில் கூவும் ஒருவர். அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்சுடன் தாய்லாந்து செய்த 1904 ஒப்பந்தம் நீர்ப்பிரிமேட்டை, அதாவது மழைநீர் இருபுறமும் பிரிந்தோடும் மலைமுகட்டை, எல்லையாகச் சொல்லியிருக்க, பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த படத்தை மட்டும் நம்பாமல், நீதிமன்றமே வல்லுநர்களை மலைக்கு அனுப்பிப் பார்த்துவரச் சொல்லியிருக்கலாம் என்பது அவர் கருத்து. 2025 ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் அந்த எல்லையில் மோதிக்கொண்ட செய்தியைப் படித்தபோது எனக்கு இந்த வரிகளே நினைவுக்கு வந்தன.

இதைவிட முக்கியமானது 1966 ஜூலை 18 அன்று வந்த தீர்ப்பு. இன்றைய நமீபியாவான தென்மேற்கு ஆப்பிரிக்காவில் தென்னாப்பிரிக்கா நடத்திய நிறவெறி ஆட்சிக்கு எதிராக எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960இல் தொடுத்த வழக்கில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தனர். தலைவர் பெர்சி ஸ்பென்டரின் கூடுதல் வாக்கினால், வழக்குத் தொடுத்த நாடுகளுக்கு இதில் சட்டபூர்வ உரிமை இல்லை என்று தள்ளுபடியானது. துணைத் தலைவரான கூ தலைவருக்கு எதிர்ப்பக்கம் நின்று, அவற்றுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கியபோது, ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் முன் சீனாவுக்காக வாதாடிப் பலன் காணாதவர் அவர். முறையிட வந்த நாட்டை வாசலிலேயே திருப்பியனுப்புவது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஓய்வுக்குப் பின் நியூயார்க்கில் வாழ்ந்து 1985இல், 97ஆம் வயதில் மறைந்த அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காகச் சொல்லிப் பதிவான நினைவுகள் சீன மொழியில் 13 தொகுதிகளாக வந்துள்ளன. அந்த நீதிபதிக் காலத்தைப் பற்றியும் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை