‘மெசையா’ வயலினை ஒருமுறை வாசிக்க விடுங்கள்

ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 1716-இல் இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த ‘மெசையா’ வயலின் உங்களிடம் வந்த கதையை உங்களுக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. வருங்காலத்தில் வயலின் செய்கிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு மாதிரி வேண்டும் என்றுதான் லண்டன் வயலின் வணிகர்களான ஹில் குடும்பத்தார் அதைக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆனால் அதை யாரும் வாசிக்க நீங்கள் விடுவதில்லை.

என் நண்பர் ஒருவர் அப்படிக் கற்றுக்கொள்கிறவர்தான். மெசையாவின் அளவுகளை வைத்து ஒரு நகல் செய்தார். பலகையின் வளைவு, எஃப் துளைகள், வார்னிஷ் நிறம் எல்லாவற்றையும் அசலோடு ஒப்பிட முடிந்தது. கடைசியில் தந்தி பூட்டி வில்லை இழுத்தார். நாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அசலின் நாதமா? யாரிடம் போய்க் கேட்பார்? வயலின் செய்கிறவருக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது அதுதான். அதை மட்டும் உங்களிடம் இருக்கும் அந்த மாதிரிக் கருவி சொல்லாது.

ஆகவே, தயவுசெய்து ஒருமுறையாவது அதை வாசிக்க விடுங்கள்.

கைபடாத கருவி என்பீர்கள். முன்பு அதை வைத்திருந்த பிரெஞ்சு வயலின் தச்சர் வியோம் அதன் கழுத்தை நீட்டவில்லையா? உள்ளே மேல்பலகையைத் தாங்கும் மரச்சட்டமான பாஸ் பாரை மாற்றவில்லையா? 1891-இல் பெரிய வயலின் வித்வான் யோவாகிம் வாசித்துப் பார்த்துப் புகழ்ந்தாரே, வயலின் உடைந்தா போனது? தச்சர் கை படலாம், வித்வான் கை படக் கூடாது என்பது என்ன கணக்கு?

இதற்கு முன் வைத்திருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1827-இல் வாங்கிய இத்தாலிய வயலின் வியாபாரி டாரிசியோ பாரீஸில் அதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டாரே தவிர, ஒருநாளும் கொண்டுவந்து காட்டவில்லை. அவர் இறந்த பிறகு 1855-இல்தான் வியோம் கைக்கு வந்தது. அன்று கண்ணில் படவில்லை, இன்று காதில் விழவில்லை. வங்கிப் பெட்டகங்களில் முதலீடாகக் கிடக்கும் பழைய வயலின்களை எண்ணினால் இன்னும் வயிறு எரிகிறது. வட்டிதான் முக்கியம் என்றால் தங்கக்கட்டி வாங்கிக்கொள்ளலாமே, பாவம் அந்த மரம் என்ன செய்தது?

சரி, அது உங்கள் குற்றமல்ல. வயலின் மேதை பாகானினி வாசித்த, குவார்னேரி 1743-இல் செய்த வயலினை ஜெனோவா நகரம் கண்ணாகத்தான் பாதுகாக்கிறது; ஆனாலும் தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்க வைக்கிறது. நாங்கள் கச்சேரி கேட்கவில்லை. உங்கள் பராமரிப்பாளர்கள் பக்கத்தில் நிற்க, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒருவர் ஒரு மணி நேரம் வாசிக்கட்டும். அதை நல்லபடியாக ஒலிப்பதிவு செய்து எல்லோருக்கும் கொடுங்கள். அப்புறம் எத்தனை வருடம் வேண்டுமானாலும் பூட்டி வையுங்கள்.

கொடைப் பத்திரத்தின் நிபந்தனை தடுக்கிறது என்றால், அந்த வாசகத்தையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வயலின் ரசிகன் ஒருவன்