பொட்டுவின் கழுத்திலிருந்து

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். சென்ற மாதம் பேசும்போது, "நாள் முழுக்க நம் பூனை பொட்டு என்னதான் செய்கிறாள் அம்மா?" என்று கேட்டாய். "தூங்குகிறாள்" என்று சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதிலில் எனக்கே நிறைவில்லை. சுவரில் மாட்டும் கேமராவில் பொட்டுவைப் பார்க்கலாம். பொட்டு பார்ப்பதைப் பார்க்க முடியாது. ஆகவே அவள் கழுத்தில் அணியக்கூடிய, கம்பியில்லாமல் நேரலையாகப் படம் அனுப்பும் கேமரா ஒன்றை நானே செய்திருக்கிறேன். மூன்று வாரமாயிற்று. அதைச் செய்த விதத்தையும், எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று நான் முடிவு செய்திருக்கிறேன் என்பதையும் நீ பார்க்கத் தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எடைதான். பொட்டுவைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்ததில் அவள் 4 கிலோ 100 கிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டேன். அது 82 கிராம். அதிலும் பாதிக்குள் முடிக்க வேண்டும் என்று எண்ணி, கழுத்துப்பட்டையையும் சேர்த்து 38 கிராமில் நிறுத்தியிருக்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஜூலியஸ் நொய்ப்ரோனர் என்ற மருந்தாளுநர் தம் புறாக்களின் மார்பில் கேமரா கட்டிப் படமெடுத்தார். புறா 75 கிராமுக்கு மேல் சுமக்காது என்பதால் அவருக்கும் கணக்கு கிராமில்தான் ஓடியது.

படத்தை எடுப்பதும் அனுப்புவதும் ஈஎஸ்பி 32 கேம் என்ற, தீப்பெட்டியை விடச் சிறிய பலகை. ட்ரோன்களில் வைக்கும் 5.8 கிகாஹெர்ட்ஸ் ட்ரான்ஸ்மிட்டரை முதலில் யோசித்தேன். எடை குறைவு, படமும் தாமதமின்றி வரும். ஆனால் நன்றாகச் சூடாகும், சுவர்களைத் தாண்டத் திணறும், தொலைவில் இருக்கும் உனக்குப் படத்தைச் சேர்க்கத் தனி ஏற்பாடும் வேண்டும். இந்தப் பலகையோ வீட்டு வைஃபையிலேயே, 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது. படத்தின் அளவை 320க்கு 240 புள்ளிகளாகக் குறைத்து வைத்திருப்பதால், வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்கள் தடையில்லாமல் வருகின்றன.

என்னை மிகவும் அலைக்கழித்தது மின்சாரம். மேசையில் ஒழுங்காக ஓடிய பலகை, சிறிய லித்தியம் பாலிமர் பேட்டரியில் இணைத்ததும் நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எழுந்தது. நிரலில்தான் பிழை என்று இரண்டு இரவுகள் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் குற்றம் கம்பியில் இருந்தது. வைஃபை அலையை வெளியிடும் ஒவ்வொரு கணமும் பலகை திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கிறது. நான் போட்டிருந்த முடி போன்ற கம்பியில் மின்னழுத்தம் அந்தக் கணத்தில் சரிய, சிப் தன்னைக் காத்துக்கொள்ள மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. கம்பியைத் தடிமனாக்கி, நீளத்தைக் குறைத்து, பலகையின் 5 வோல்ட் முனையருகே கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் தேவைப்படும் கணத்தில் தரும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சாலிடர் செய்த பிறகு அது ஒருமுறைகூட அணையவில்லை. 500 மில்லியாம்பியர் மணி பேட்டரியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும்.

பேட்டரியின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றித் தர இன்னொரு குட்டிப் பலகை இருக்கிறது. அதைத் தரையில் வைத்து இயக்கியபோது எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பொட்டுவோ இரண்டு காதுகளையும் பின்னால் மடித்துக்கொண்டு அறையை விட்டே போய்விட்டாள். நமக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்காது, பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். இத்தகைய சில பலகைகளில் உள்ள கம்பிச் சுருள் அந்த இடைப்பட்ட அலைவரிசையில் கீச்சிடும். வேறொன்று வாங்கி, அணைத்தும் இயக்கியும் அவள் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் அதைப் பொருத்தினேன்.

எடையைப் பகிர்ந்துவிடலாம் என்று பேட்டரியைப் பிடரிப் பக்கமும் கேமராவை மோவாய்க்குக் கீழும் வைத்துப் பார்த்தேன். நாலடி நடப்பதற்குள் பட்டை சுழன்று, கனமான பேட்டரி கீழே இறங்க, கேமரா பிடரிக்கு ஏறிக் கூரையைக் காட்டியது. கனமான பக்கம் கீழேதான் வரும் என்பதால், இப்போது எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மோவாய்க்குக் கீழே வைத்திருக்கிறேன். பின்னங்காலால் அவள் சொறிந்தாலும் பேட்டரியில் நகம் இறங்காதபடி பெட்டி கெட்டியான பிளாஸ்டிக். தோலில் சூடு படாமல் இருக்க உட்புறம் கம்பளித் துணி. பட்டையின் கொக்கி, எதிலாவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுவிடும் வகை. அது அடிக்கடி கழல்கிறதே என்று அப்பா நூலால் கட்டப் பார்த்தார், நான் விடவில்லை. கேமரா தொலைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

அவளை மெல்லத்தான் பழக்கினேன். ஒரு வாரம் வெறும் பட்டை, பிறகு அதே எடையில் கல் போட்ட வெற்றுப் பெட்டி, அதன் பின்பே கேமரா. அவள் உறைந்து நின்றாலோ, பின்பக்கமாக நடந்தாலோ, விடாமல் சொறிந்தாலோ உடனே கழற்றிவிடுவேன். பூனைக்குப் போதுமான மங்கல் வெளிச்சம் இந்தக் கேமராவுக்குப் போதாது. அதற்காகப் பலகையிலுள்ள வெள்ளை விளக்கை எரியவிட எனக்கு மனமில்லை. ஆகவே பகலில் மட்டும், நாளுக்கு அரை மணி நேரம் மட்டும்.

நீ பார்க்கப் போகும் படத்தின் மேல் ஓரத்தில் மோவாய் முடிகள் எப்போதும் தெரியும்; நடக்கும்போது முன்னங்கால்கள் மாறி மாறி வந்து போகும். தண்ணீர் குடிக்கும்போது பெட்டி கிண்ண விளிம்பில் இடித்து நனைந்ததால், இப்போது கேமராவைக் கழற்றிய பிறகுதான் தண்ணீர் வைக்கிறேன். அவள் எங்கே போகிறாள் என்று கேட்டாயே: உன் அறைக்குத்தான். மேசைக்கு அடியில், நீ விட்டுப்போன நீலப் பைக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்து உட்காருகிறாள். அங்கிருந்து ஜன்னலின் கீழ்க்கோடியும், திரை அசையும்போது வரும் வெளிச்சப் பட்டையும் மட்டுமே தெரிகின்றன. பன்னிரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்; நானும் அவளோடு பார்த்தேன். பையை இடம் மாற்றவில்லை.

கடைசியாக, பாதுகாப்பு. பலகையோடு வரும் மாதிரி நிரல் கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. ரவுட்டரில் அதற்கு வெளியுலக வாசலைத் திறந்துவிட்டால், முகவரி தெரிந்த யாரும் நம் வீட்டுக்குள் பார்க்கலாம். மேலும் அந்த நிரல் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் படம் தரும். ஆகவே வீட்டிலேயே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்று அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது. நீ விபிஎன் என்ற, இணையத்தினூடே பூட்டிய தனிப்பாதை வழியாக நம் வீட்டு வலையமைப்புக்குள் வந்து அதிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கான கோப்பைத் தனியாக அனுப்புகிறேன். உன் கைபேசியில் மட்டும் வைத்துக்கொள், தோழிகளுக்குக் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை, உன் நேரப்படி ஏழு மணிக்குப் பட்டையை மாட்டுகிறேன். நடுவில் படம் நின்றால் பதற்றப்படாதே. இரும்பு பீரோவுக்குப் பின்னால் போயிருப்பாள், அங்கே அலை எட்டாது, தானே வெளியே வருவாள். கடவுச்சொல்லை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. சனிக்கிழமை இரவு கூப்பிடு, சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா