சித்தப்பா வீட்டுக் கைத்துப்பாக்கி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதத்துக்குக் காரணம் முட்டிவலி இல்லை, ஒரு துப்பாக்கி.

எட்டயபுரம் பக்கத்தில் சித்தப்பா வீடு உனக்கு நினைவிருக்கும். காலேஜ் லீவில் போய்ப் பதநீர் குடித்தோமே, அந்த வீடுதான். பூஜை அறைப் பரணில் பட்டுத்துணி சுற்றி ஒரு கைத்துப்பாக்கி உண்டு. ஆயுத பூஜைக்கு மட்டும் இறங்கும், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு திரும்ப ஏறிவிடும். கட்டபொம்மன் ஆட்களிடமிருந்து வந்தது என்று மூன்று தலைமுறையாகச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரனுக்குத் துணைபோன எட்டயபுரத்துப் பக்கம் இருந்துகொண்டு கட்டபொம்மன் துப்பாக்கியா என்று நாம் அன்றைக்கே சிரித்தோம். இந்த வருஷம் சித்தப்பாவே, "நீதான் பழசெல்லாம் படிக்கிறியே, இது என்னன்னு பார்த்துச் சொல்லுடா" என்றார்.

முதலில் உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்த்தேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கெட்டித்து வைத்த மருந்துகூட வெடிக்கும். ஒரு மூங்கில் குச்சியைக் குழலுக்குள் விட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து, வெளியே வைத்து அளந்தேன். பற்றவைக்கும் துளை வரை தடையில்லாமல் போனது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி அது. கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கிற பாகத்துக்குக் குதிரை என்று பெயர். அதன் வாயில் கல் இல்லை, கல்லைப் பிடித்த தோல் துண்டு மட்டும் காய்ந்து கிடக்கிறது. குழல் 9 அங்குலம், வாய் 16.5 மில்லிமீட்டர். மருந்து இடிக்கும் கம்பி தனியாகக் கழன்று வராது, குழல் நுனியில் ஒரு கீலில் மாட்டியிருக்கிறது. ஓடும் குதிரையில் இருக்கிறவன் கம்பியைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆக, இது குதிரைப்படைக்காரன் சாமான்.

மீதியைப் பூட்டுத் தகடு, அதாவது சுடும் பொறி பொருத்திய பக்கத் தகடு, சொன்னது. குங்குமமும் எண்ணெயும் கலந்து கல்லாய் இறுகிப்போயிருந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு மாலை முழுக்க மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒரு வால், பிறகு தூக்கிய முன்னங்கால்கள், அவற்றில் ஒரு கிரீடம். பின்னங்காலில் நிற்கும் சிங்கம், கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை! கடைவீதிகளில் பழசு என்று விற்கிற போலிகளில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி' என்று முழுசாகவே எழுதியிருப்பார்கள், எழுதியிருந்தாலே சந்தேகப்படு. அசலில் முத்திரைதான் இருக்கும்.

சிக்கலும் அந்தச் சிங்கத்தில்தான். முந்தைய காலத்துக் கம்பெனி ஆயுதங்களில் நான்கு கட்டமாய்ப் பிரித்த இதய வடிவம்தான் முத்திரை. அது போய்ச் சிங்கம் வந்தது 1808 வாக்கில். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியது 1801. அந்த வருஷம் டிசம்பரிலேயே பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கச் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் போட்டுவிட்டார். கணக்கு எப்படியும் ஒட்டவில்லை. பூட்டை மட்டும் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாமே என்று நீ கேட்பாய். மரத்தில் வெட்டிய பள்ளத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை, வேறு ஆணித் துளையும் இல்லை.

யாருடையது என்று சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. கைப்பிடியின் அடியில் பித்தளைப் பூண். குதிரைப்படையில் துருப்பின் எழுத்தையும் ஆயுத எண்ணையும் அநேகமாக அங்கேதான் வெட்டுவார்கள். பூண் தங்கம் மாதிரி மின்னுகிறது. வருஷா வருஷம் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், சித்திக்கு முன்னால் அவர் மாமியார், அவருக்கு முன்னால் அவர் மாமியார். சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தால் ஒரு வளைவு தெரிகிறது. அது 3-ஆக இருக்கலாம், 8-ஆக இருக்கலாம், பி என்ற ஆங்கில எழுத்தாகவும் இருக்கலாம். "பளபளன்னு வச்சிருக்கேன் பாத்தியா" என்று சித்தி பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லும்போது நான் என்ன சொல்ல? ரொம்ப நல்லா இருக்கு சித்தி என்றேன். இனிமேல் புளி வேண்டாம், துணியால் துடைத்தால் போதும் என்று மட்டும் பிறகு நைசாகச் சொல்லிவைத்தேன்.

நீ ஒரு உதவி செய்ய வேண்டும். எழும்பூரில் ஆவணக் காப்பகம் உனக்கு நடக்கிற தூரம்தானே. அங்கே புனித ஜார்ஜ் கோட்டை நிர்வாகத்தின் ராணுவக் கன்சல்டேஷன்ஸ், அதாவது ராணுவ விஷயங்களின் நடவடிக்கைக் குறிப்புத் தொகுதிகள் இருக்கின்றன. 1808-க்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கம் குதிரைப்படை எதுவும் தங்கியதா, பழைய ஆயுதங்களைக் கழித்துக் கொடுத்தார்களா என்று பார். ஒரே நாளில் கிடைக்கிற காரியமில்லை, தெரியும். அப்படியே அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்திலும் சிங்க முத்திரை போட்டது ஏதாவது கண்ணில் பட்டால் அளவைக் குறித்துக்கொள்.

சித்தப்பாவிடம் தேதிகளை எல்லாம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "சரிப்பா, கட்டபொம்மன் இல்லேன்னா ஊமைத்துரை ஆளா இருக்கும்" என்றார். ஊமைத்துரையைத் தூக்கிலிட்டதும் 1801-தான். சொல்ல வாயெடுத்தேன், சித்தி காபியோடு வந்துவிட்டார்.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரன்