கோட்டுக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? "பொடிநடையாக இன்னொரு நாட்டுக்குப் போய் வருகிறாயா?" என்று போனில் நம்பாமல் கேட்டீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் வீடு ஸ்லோவேனியாவில், நோவா கோரிட்சாவில். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு சதுக்கம். அதில் பாதி இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 பிப்ரவரியில் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் பழைய கோரிட்சியா நகரத்தை இத்தாலிக்கே விட்டது. கிழக்கே இருந்த கிராமங்களும் இந்த ரயில் நிலையமும், அன்று ஸ்லோவேனியா சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவுக்கு. நகரம் கைவிட்டுப் போனவர்களுக்காகப் புதிதாகக் கட்டியதுதான் எங்கள் ஊர்.

மிரென் என்ற கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லைக்கோடு அதன் நடுவே போயிருக்கிறது. சில கல்லறைகளில் தலை ஒரு நாட்டில், கால் இன்னொரு நாட்டில். செத்தவர்களுக்கு நடுவே முள்வேலி, அப்பா! 1975-இல் இரண்டு நாடுகளும் எல்லையைப் பற்றிச் செய்துகொண்ட ஒசிமோ ஒப்பந்தம் வந்துதான் அது சரியானது.

உயிரோடு இருந்தவர்கள் பாடு வேறு. 1950 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. சொந்தக்காரர்களைப் பார்க்க எல்லையில் கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் காவலைத் தள்ளிக்கொண்டு கோரிட்சியாவுக்குள் புகுந்துவிட்டார்கள். கடைகளில் அகப்பட்டதை வாங்கினார்கள். யூகோஸ்லாவியாவில் விளக்குமாற்றுக்குக்கூடத் தட்டுப்பாடு. பலர் அதைத்தான் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். 'விளக்குமாற்று ஞாயிறு' என்றே அந்த நாளுக்குப் பெயர்.

கோடு போட்டதே தவறு என்று நான் சொல்லவில்லை. இந்தப் பகுதி முழுவதும் இத்தாலியில் இருந்த முசோலினி ஆட்சியில் ஸ்லோவேனிய மொழிக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இடமில்லை. அந்தக் கிராமங்களுக்கு 1947 விடிவுதான். ஆனால் வரைபடத்தில் கோடு போட்டவர்கள் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒருமுறை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

சதுக்கத்தில் இருந்த வேலியை 2004-இல் எடுத்தார்கள். 2007 டிசம்பரில் சோதனையும் நின்றது. அப்புறம் கொரோனா வந்த 2020-இல் அதே இடத்தில் திரும்பவும் வேலி! கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பக்கத்து வீட்டம்மா இன்னும் ஆறாமல் சொல்கிறார்.

இப்போது வேலி இல்லை. இத்தாலிப் போலீஸ் எப்போதாவது நிறுத்தும், அதனால் பாஸ்போர்ட் எப்போதும் பையில் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு பேரும் வரும்போது மிரெனுக்குக் கூட்டிப் போகிறேன். இரண்டு நாட்டுக்கும் ஒரே விசா போதும். அதற்கான தாள்களை அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்