முகூர்த்தத்துக்குக் கற்றுக்குட்டியை அனுப்பிய கல்யாண போட்டோ கம்பெனிக்கு ஒரு புகார்

அனுப்புநர்:
மணப்பெண்ணின் அக்கா,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
திருமணப் புகைப்பட நிறுவனம், சென்னை.

பொருள்: திருவொற்றியூர் மண்டபத்தில் வைகாசி முகூர்த்தத்தில் நடந்த என் தங்கை கல்யாணப் படங்கள் – சேவைக் குறைபாடு, பணம் திரும்பக் கோருதல்.

ஐயா,

வணக்கம். தாலி கட்டும் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அந்த நிமிடத்தில் உங்கள் ஆளின் கேமரா ஃபோகஸ் செய்தது, அட்சதை போடத் தூக்கிய எங்கள் பெரியப்பாவின் கையை. அவர் மோதிரத்தில் பதித்த கல் வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பின்னால் மாப்பிள்ளையும் தங்கையும் ஓமப்புகையோடு சேர்ந்து கலங்கிக் கிடக்கிறார்கள். அடுத்த இரண்டு படங்கள் கும்மிருட்டு. ஃபிளாஷ் சார்ஜ் ஏறுவதற்குள் பட்டனை அமுக்கியிருக்கிறார். நாத்தனார் மூன்றாவது முடிச்சுப் போடும் படத்தில் சொந்தக்காரர்களின் முதுகுகள்தான் இருக்கின்றன.

எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு உங்கள் ஆபீசுக்கு வந்து, நீங்கள் காட்டிய ஆல்பங்களைப் பார்த்துத்தான் 85,000 ரூபாய் பேக்கேஜுக்குச் சம்மதித்தோம். சீனியர் போட்டோகிராபர் ஒருவர், கேண்டிட் எடுக்க ஒருவர், வீடியோவுக்கு ஒருவர் என்று ரசீதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மூன்று பேரும் வந்தார்கள். அந்தப் படங்கள் நன்றாகவே இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 6 மணி முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் வந்தது வீடியோ எடுப்பவரும், நாங்கள் அதற்கு முன் பார்த்திராத ஒரு தம்பியும்தான். சீனியர் எங்கே என்று கேட்டதற்கு, "இன்னைக்குப் பெரிய முகூர்த்தம்க்கா, அவர் பெரம்பூர்ல வேற மண்டபத்துல இருக்கார்" என்றார். ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரே ஆளைக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. மரியாதையான பையன். இதுவரை பிறந்தநாள் விழாக்கள்தான் எடுத்திருக்கிறாராம், கல்யாணத்தில் தனியாக நிற்பது இதுவே முதல் தடவையாம். அதையும் அவராகவே சொன்னார். கையில் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் ஒன்றுதான். அதை முழுக்க ஜூம் செய்தால் வெளிச்சம் நுழையும் துவாரம் எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் ஏற ஏறத் துவாரம் சிறிது). விலை குறைந்த 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கொடுத்து அனுப்பியிருந்தால், அதே மண்டபத்தில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே போயிருக்கும். அதைக்கூட நீங்கள் தரவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். எங்கள் மாமா காலடிப்பேட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் அது. கெட்டிமேளம் எப்போது வரும் என்று ஐயரிடம் முன்கூட்டியே கேட்டு, ரோலில் பாதி மிச்சமிருந்தாலும் புது ரோல் மாற்றிக்கொள்வாராம். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் லைட் பிடித்தார்கள், அப்புறம் பந்தியும் சீர்த்தட்டும் எடுத்தார்கள், மேடைக்கு வர வருஷக்கணக்கில் ஆனது. நீங்கள் கொடுத்த பென் டிரைவை மாமாவிடம் போட்டுக் காட்டினேன். பல படங்களில் குறுக்கே கருப்புப் பட்டை ஓடுகிறது. மேடை எல்.இ.டி. விளக்குகளால் வந்தது அது என்றார். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதில் எரியும் மட்டமான விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்திருந்தால் பட்டை பெரும்பாலும் விழுந்திருக்காது. அந்தத் தம்பி 1/500-ல் வைத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத மினுக்கலை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரம்பூரில் இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாத பூஜை நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் ஆள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து கேமராவில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால், கார்டு நிறைந்துவிட்டது என்று ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருக்கிறார்! வேறு கார்டு இல்லையா என்றால், ஆபீசில் ஒன்றுதான் கொடுத்தார்கள் என்கிறார். எங்கள் ஆயா மணப்பெண்ணுக்கு விபூதி பூசியதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன், அவர் படம் எடுத்ததையும் பார்த்தேன். அந்தப் படம் பென் டிரைவில் இல்லை. ஆயாவுக்கு வயது 84.

போன் செய்தபோது உங்கள் மேனேஜர் முதலில், "எடிட்டிங்ல சரி பண்ணிடலாம் மேடம்" என்றார். ஃபோகஸ் போன முகத்தை எந்த எடிட்டிங் திருப்பிக் கொண்டுவரும்? மஞ்சளடித்த நிறத்தையாவது நன்றாக மாற்றலாம் என்றால், அதற்கு ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் வைக்கும் மூலப்பதிவு, வேண்டும். எடுத்ததெல்லாம் வெறும் ஜேபெக், சுருக்கிய படம். அடுத்தபடியாக, "எல்லாரும் ஒரு நாள் புதுசாத்தான் இருந்திருப்பாங்க மேடம்" என்றார். இருந்திருப்பார்கள், சரி. நாதஸ்வர செட்டில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் ஒத்து ஊதுவார், தாளம் போடுவார். கெட்டிமேளத்துக்கு அவரை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு வித்வான் வேறு மண்டபத்துக்குப் போவதில்லை. அந்தத் தம்பி சீனியருக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக வந்து எவ்வளவு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை. புது ஆள்தான் வருவார், அதனால் இவ்வளவு குறைவு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் யோசித்து முடிவு செய்திருப்போம். சீனியருக்கான பணத்தை வாங்கிக்கொண்டு எங்கள் முகூர்த்தத்தில் அந்தத் தம்பிக்குப் பயிற்சி கொடுத்ததுதான் தப்பு. அதுவும் திருவொற்றியூரில்! மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி எல்லை தாண்டிய சுந்தரருக்கே கண் போன ஊர் அது.

எங்களுக்கு வேண்டியது இதுதான். பேக்கேஜில் பாதிப் பணம், அதாவது 42,500 ரூபாய், திரும்ப வர வேண்டும். அந்தக் கார்டைத் தொடாமல் அப்படியே எங்களிடம் கொடுங்கள். அழித்த படங்களின் மேல் புதிய படங்கள் பதிவாகாத வரை அவற்றை மீட்க வாய்ப்பு உண்டு என்று மாமா சொல்கிறார். அதற்கான செலவு உங்களுடையது. வீடியோவின் முழு ஃபுட்டேஜும் வேண்டும், தாலி கட்டும் காட்சியை அதிலிருந்தாவது பிரித்தெடுத்து ஆல்பத்தில் வைக்கிறோம். ஆல்பத்தை எங்களைக் கேட்காமல் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள். இந்தப் பணத்தை அந்தத் தம்பியின் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது.

15 நாளைக்குள் பதில் எழுத்தில் வர வேண்டும், போனில் வேண்டாம். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடுவோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. நாங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், இரண்டு வருஷம் வரை அவகாசமும் இருக்கிறது.

இப்படிக்கு,
மணப்பெண்ணின் அக்கா

இணைப்பு: ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல்களின் பிரிண்ட், பெரியப்பாவின் மோதிரம் தெரியும் அந்தப் படம்.