காலை 5.20 பஸ் மறுபடி வர: பஸ் திரும்பும் வட்டமும் டிரைவர், கண்டக்டர் தங்கும் அறையும் அமைக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர் பஸ் நிலையத்தில் கிளம்பி, திருவந்திபுரம் வழியாகக் கேப்பர் மலை மேட்டில் ஏறி, நம் ஊர் களத்துமேட்டில் முடியும் டவுன் பஸ்ஸுக்கு ஒரு காலத்தில் நாளைக்கு 8 நடை (டிரிப்). 2020 மார்ச் ஊரடங்கில் நின்று மறுபடி ஓட ஆரம்பித்தபோது 5 நடைதான் திரும்பி வந்தது. இன்று 3. காலை 7.40, மதியம் 1.15, மாலை 5.50. அதிலும் மதிய பஸ் வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. மழை பெய்த நாளில் வந்தாலும் விலக்கு ரோட்டிலேயே திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. அங்கிருந்து ஊருக்கு 1.2 கி.மீ. நடந்துதான் வர வேண்டும்.

ஆள் ஏறுவதில்லை, அதனால் குறைக்கிறார்கள் என்பது டீக்கடைப் பேச்சு. காலை 7.40-இல் படிக்கட்டில் தொங்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நமக்குத் தெரிந்தவரை இந்தத் தடம் தேய்ந்ததற்கு முக்கியக் காரணம் இரண்டு: வண்டி திரும்ப இடமில்லை, வண்டியோடு வருகிறவர்கள் படுக்க இடமில்லை. இரண்டையும் ஊரே செய்து கொடுக்க முடியும். அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

முதலில் படுக்கும் இடம். இரவு 9.10-க்குக் கடலூரில் எடுக்கும் பஸ் முன்பு இங்கேயே தங்கி, காலை 5.20-க்கு முதல் நடையாகக் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் பஞ்சாயத்தின் பழைய டிவி ரூமில் படுப்பார்கள். அதற்குக் கழிவறை கிடையாது, கூரை ஒழுகும், கொசுவுக்குக் கேட்கவே வேண்டாம். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்த டிரைவர் அங்கே படுக்க முடியாமல் பஸ்ஸிலேயே மூன்று பேர் சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தெழுந்தால், விடியற்காலை இருட்டில் அந்த இறக்கத்தில் அவரை நம்பி எப்படி உட்காருவது? நைட் ஹால்ட் டியூட்டியை யாரும் விரும்பி எடுக்கவில்லை. அது ரத்தானது.

ஒரு நடைதானே போயிற்று என்று ஊர் நினைத்தது. போனது இரண்டு. பஸ் இங்கே தங்கினால்தான் 5.20 இங்கிருந்து கிளம்பும். தங்காவிட்டால் 4.30-க்கே டெப்போவில் எடுத்து, 19 கி.மீ. காலியாக மேடேறி வர வேண்டும். டிக்கெட் ஒன்றுகூட விழாத ஓட்டம். கிலோமீட்டருக்கு வசூல் எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று இரண்டு கணக்கிலும் இடிக்கும். எந்தப் போக்குவரத்துக் கழகக் கிளையும் அப்படி ஒரு நடையை வெகுநாள் வைத்திருக்காது. 5.20 போனதும் வாழையிலைக் கட்டு லோடு ஆட்டோவுக்கு மாறியது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க முதல் ஆளாகப் போய் நின்றவர்கள் இப்போது வரிசையின் வாலில் நிற்கிறார்கள்.

அடுத்தது திரும்பும் இடம். பஸ்ஸின் நீளம் 11, 12 மீட்டர். ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே வெட்டில் திரும்ப 25 மீட்டர் விட்டம் வேண்டும். இப்போது களத்துமேட்டில் கிடைப்பது 17 மீட்டர். மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்துத்தான் திருப்புகிறார்கள். கண்டக்டர் இறங்கி விசில் ஊத வேண்டும். பின் டயர் இரண்டும் ஒரே இடத்தில் அரைத்து அரைத்துக் குழியாகிவிட்டது. நம் செம்மண் வெயிலில் கல், மழையில் களி. ஆள் ஏறிய வண்டியின் பின் அச்சு மட்டுமே 10 டன் வரை அழுத்தும். ஒரு முறை புதைந்தால் டிராக்டர் வைத்து இழுக்க ஒன்றரை மணி நேரம், அடுத்த நடையும் போச்சு. மழை நாளில் விலக்கோடு திரும்புவது இதனால்தான். டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

கிராவல் கொட்டி ரோலர் ஓட்டினால் போதாதா என்று கேட்கிறார்கள். நேராக ஓடும் ரோட்டுக்குப் போதும். திரும்பும் இடத்தில் டயர் உருள்வதோடு பக்கவாட்டிலும் தேய்க்கும். அதனால் கிராவல் சிதறும், தார் போட்டாலும் உரிந்து சுருண்டுவிடும். வீட்டு வாசலுக்குப் போடும் 60 மி.மீ. பேவர் பிளாக் ஒரு மழைக்காலம் தாங்காது. எனவே கான்கிரீட் வளையம் என்று முடிவு செய்திருக்கிறோம். வெளி விட்டம் 25 மீட்டர், உள் விட்டம் 12 மீட்டர். பரப்பு சுமார் 378 சதுர மீட்டர். அடியில் 200 மி.மீ. கிராவலை இரண்டு அடுக்காகத் தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே 100 மி.மீ. 1:4:8 கலவை (சிமென்ட் 1, மணல் 4, ஜல்லி 8), அதற்கு மேல் 200 மி.மீ. எம்30 என்ற வலுவான ரகக் கான்கிரீட். இது மட்டும் 76 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரி ஒன்றுக்கு 6 கன மீட்டர் என்றால் 13 லோடு. எம்30-ஐக் கையால் கலக்க வேண்டாம் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். சட்டிக் கணக்கில் தண்ணீர் கூடினால் பலம் போய்விடும், அதை மேலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

போட்ட மறுநாளே 4 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு. வெட்டாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். 28 நாள் வரை பஸ் ஏறக் கூடாது. அந்த ஒரு மாதம் எல்லோரும் விலக்கு வரை நடந்தே ஆக வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறோம்.

கடலை காயப்போடும் களம் போய்விடுமே என்பது நியாயமான கவலை. வளையத்துக்கு நடுவே 12 மீட்டர் வட்டம் மண்ணாகவே இருக்கும். பஸ் இல்லாத நேரத்தில் தாராளமாகப் போடலாம். வளையத்தின் மேல் போட்டால் டயரே செக்காட்டிவிடும், பொறுப்பு எங்களுடையது அல்ல. ஏரிக்கரையில் இதைவிடப் பெரிய இடம் இருக்கிறதே என்றும் சிலர் சொன்னார்கள். அது நீர்நிலைப் புறம்போக்கு. கான்கிரீட் போட அனுமதி கிடைக்காது.

மூன்றாவது சிக்கல் தலைக்கு மேலே இருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மேட்டு முந்திரியெல்லாம் சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் இப்போது ரோட்டுக்கு மேல் குடை பிடிக்கின்றன. முந்திரி உயரமாகப் போகாது, அகலமாகப் படரும். பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடியும் மேல் விளக்கும் அதில்தான் அடிபடுகின்றன. ரோட்டுக்கு மேல் 5 மீட்டர் உயரம் வரை ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கவாத்துக்கு, அதாவது கிளை கழிக்க, இதுவே பருவம்; தை பிறந்து பூ வைத்துவிட்டால் எந்த மரத்துக்காரரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் வேண்டாம். வெட்டு வாய் அழுகாமல் இருக்கப் போர்டோ பசை தடவிக் கொடுப்பது குழுவின் பொறுப்பு: மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்காதீர்கள், பிளாஸ்டிக் வாளியே சரி. ரோட்டுப் புறம்போக்கில் நிற்கும் மரங்களில் அனுமதி வரும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.

ஆள் கணக்கையும் சொல்ல வேண்டும். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் சீட்டு உண்டு. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. "ஓசி டிக்கெட்தானே, எதுக்கு" என்று வாங்காமல் இறங்கினால், கணக்கில் அந்த ஆள் அன்றைக்கு ஏறவே இல்லை. கூட்டத்தில் கண்டக்டரால் பின்வரிசைக்கு வர முடியாவிட்டால் கைமாற்றியாவது வாங்குங்கள். சீருடையோடு ஏறும் பிள்ளைகள் டிக்கெட் மெஷின் கணக்கில் விழுவதே இல்லை. நம் பஸ்ஸில் காலையில் பாதிக் கூட்டம் அவர்கள்தான்.

அதனால் 14 நாள் நாமே எண்ணப் போகிறோம். நான்கு நிறுத்தத்திலும் ஆளுக்கொரு நோட்டு. வர வேண்டிய நேரம், வந்த நேரம், ஏறிய பெண்கள், காசு கொடுத்த ஆண்கள், மாணவர்கள், ஏற முடியாமல் நின்றவர்கள் என ஆறு கட்டம். முகூர்த்த நாளை நோட்டில் தனியாகக் குறிக்க வேண்டும். அன்று திருவந்திபுரத்தில் கோயில் கல்யாண வண்டிகள் அடைத்து, பஸ் வருவதே தெரியாது. அந்த எண்ணிக்கையைச் சேர்த்தால் முழுக் கணக்கும் கெடும். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று அதில் கேட்டால் பதில் வராது. கடந்த 12 மாதத்தில் ரத்தான நடைகளின் பதிவு நகல், நடைவாரி வசூல் நகல் என்று ஆவணமாகக் கேட்க வேண்டும்.

மினி பஸ் வந்தால் தீர்ந்துவிடாதா? 2025-இல் வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் 25 கி.மீ. வரை தடம் கேட்கலாம்தான். ஆனால் அது தனியார் வண்டி, பெண்களும் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். டவுன் பஸ்ஸோடு அதுவும் ஓடட்டும் என்பதே எங்கள் கருத்து.

இனி பணம். கான்கிரீட் வட்டத்தின் மதிப்பீடு ரூ.8,40,000. இதை நமக்கு நாமே திட்டத்தில் செய்ய ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டாகிவிட்டது. அந்தத் திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். நம் பங்கு ரூ.2,80,000. அதை வரைவோலையாகக் கட்டிய பிறகுதான் கோப்பு நகரும். பாதிப் பணத்துக்குப் பாதி வேலை என்பது கிடையாது.

டிவி ரூம் முழுக்க நம் செலவு, ரூ.1,40,000. கழிவறையும் செப்டிக் டேங்க்கும் 82,000 (கைப்பம்பிலிருந்து 15 மீட்டர் தள்ளி), கூரை ஒழுகல் அடைக்க 26,000, வயரிங், ஃபேன், விளக்கு 14,000, 500 லிட்டர் தொட்டியும் குழாயும் 8,000, இரண்டு கட்டில், மெத்தை, ஜன்னலுக்குக் கொசுவலை 10,000. மரம் கழிக்க 9,000, வளைவில் வைக்க இரண்டு குவிக் கண்ணாடி 8,000, நிறுத்தப் பலகை நான்கு 6,000, நோட்டு, நகல், மனுச் செலவு 7,000. ஆக மொத்தம் ரூ.4,50,000. கையில் இருப்பது ரூ.1,12,000. இன்னும் வேண்டியது ரூ.3,38,000.

நம் ஊரும் இரண்டு காலனியும் சேர்த்து 640 வீடு. வீட்டுக்கு 500 என்றால் 3,20,000 வந்துவிடும். ஆனால் இது தலைக்கட்டு வரி அல்ல. தராதவர் பெயரை எங்கும் எழுத மாட்டோம், ஒலிபெருக்கியிலும் படிக்க மாட்டோம். 50 ரூபாய்க்கும் ரசீது உண்டு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால், கூலி வேலைக்குப் போகும் வீடுகளின் பாரம் குறையும். சிமென்ட், கம்பி என்று பொருளாகத் தர வேண்டாம். வட்டத்தின் வேலை ஒப்பந்தத்தில் நடக்கும், அதில் சேர்க்க வழியில்லை. டிவி ரூமுக்குக் கட்டில், ஃபேன் தரலாம்.

இந்தப் பணத்தில் பேனர், பொன்னாடை, திறப்பு விழாச் சாப்பாடு எதுவும் இல்லை. குழு பதிவு பெற்ற அறக்கட்டளை அல்ல என்பதால் வருமான வரியில் 80ஜி பிரிவு தரும் விலக்கு கிடைக்காது. வங்கிக் கணக்கில் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும். கணக்கு எண்ணும் கியூஆர் அட்டையும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலும் பால் சொசைட்டி சுவரிலும் இருக்கின்றன. வேறு யாராவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் எண்ணுக்குப் போடாதீர்கள். வரவு செலவு மாதம் ஒருமுறை அதே பலகையில் ஒட்டப்படும்.

இதையெல்லாம் செய்தால் 5.20 கட்டாயம் வருமா? அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. கிளையில் டிரைவர், கண்டக்டர் இருப்பைப் பொறுத்தது அது. இடம் தயாரானதும் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேட்போம், 14 நாள் நோட்டையும் கொடுப்போம். ஒருவேளை நைட் ஹால்ட் உடனே வராவிட்டாலும், மழை நாளில் விலக்கில் இறக்கிவிட இனிக் காரணம் இருக்காது. எந்தக் காரணத்தாலோ திட்டத்தில் ஒப்புதல் கிடைக்காவிட்டால், வட்டத்துக்கு வாங்கிய பணம் ரசீதைக் காட்டினால் திருப்பித் தரப்படும்.

அக்டோபர் 31-க்குள் நம் பங்கைக் கட்டிவிட்டால், மழை முடிந்து பொங்கல் கழிந்ததும் கான்கிரீட் போடலாம். மாசி முடிவதற்குள் வளையம் பஸ்ஸுக்குத் தயாராகிவிடும், கடலை களத்துக்கு வருவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

மரக்கிளை கழிக்கும் வேலை செப்டம்பர் கடைசி ஞாயிறு காலை 6 மணிக்கு விலக்கிலிருந்து ஆரம்பம். வருகிறவர்கள் அரிவாளும் கயிறும் கொண்டு வரவும். ஏணி இரண்டு இருக்கிறது. 7.40 பஸ் போகும்வரை ரோட்டில் கிளையைத் தள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
டவுன் பஸ் குழுவினர்