ஊசி குத்துவதற்கு முன் இன்ச் டேப்பை எடுங்கள்

இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். வருகிற ஞாயிறு எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தில் மறுபடியும் முகாம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் என் அண்ணன் வரிசையில் நின்றார். தையல்காரர். அப்போது வயது 43, ஒல்லியான கை கால். ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு வந்தவருக்கு ரேண்டம், அதாவது சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுக்கும் சர்க்கரை அளவு, 126 காட்டியது. "நார்மல்ண்ணே, உங்க உடம்புக்கெல்லாம் சுகர் வராது" என்று அனுப்பிவிட்டார் ஊசி குத்திய தம்பி. அந்த வார்த்தையை அண்ணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் நான் எத்தனை முறை கூப்பிட்டும் டெஸ்டுக்கு வரவில்லை.

கடையிலிருந்து நேராக வந்ததால் அன்று அவர் கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கி அவர் இடுப்பையே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் 37 அங்குலம் காட்டியிருக்கும். லூசான சட்டைக்குள் தொப்பை தெரியாது.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. சென்னையில் நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-லேயே, சர்க்கரை வரும் ஆபத்தைக் கணக்கிட நம் ஆட்களுக்கென்று ஒரு மதிப்பெண் முறையைக் கொடுத்துவிட்டார்கள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? இந்த நான்கும்தான். நூற்றுக்கு 60 வந்தாலே ஆபத்து அதிகம். அண்ணனுக்கு நானே கூட்டிப் பார்த்தேன். வயதுக்கு 20, இடுப்புக்கு 10, மெஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதற்கு 30, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை என்பதற்கு 20. மொத்தம் 80!

இந்தத் தை மாதம் உடைந்த மெஷின் ஊசி அவர் பாதத்தில் ஏறியிருக்கிறது. சர்க்கரையில் கால் மரத்துப் போயிருந்ததால் அவருக்கு உறைக்கவே இல்லை. தரையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்து அண்ணிதான் கண்டுபிடித்தார். அதற்குள் சீழ் வைத்துவிட்டது. வெறும் வயிற்றில் 286. இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஊசி குத்துவதற்கு முன் இடுப்பை அளந்து, மற்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பெண்களிடம் கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிரசவத்தோடு போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள்; பின்னாளில் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

நேரமில்லை என்பீர்கள். போன முறை சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தவே அரைமணி ஆனது. ஃப்ளெக்ஸில் அவர் முகம் பெரிதாக இருந்தது, 'நீரிழிவு' என்ற எழுத்தைத் தேட வேண்டியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் கிரீம் பிஸ்கட்டும் பாக்கெட் ஜூஸும் வேறு. சர்க்கரை முகாமுக்குப் பொருத்தம்தான்!

மன்னிக்கவும், சண்டை போட வரவில்லை. உங்கள் முகாமால் பிழைத்தவர்களும் எங்கள் தெருவில் உண்டு. கேட்பது ஒன்றுதான்: 60-ம் அதற்கு மேலும் வருபவர்களை ரேண்டம் நார்மல் என்றாலும் விட்டுவிடாமல், வெறும் வயிற்றில் ஒரு முறையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்க்கச் சொல்லி, தயவுசெய்து சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

டேப் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். அண்ணன் கடையில் மூன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதான்.

இப்படிக்கு,
தையல்காரரின் தங்கை